நனைந்த தொப்பி

"கம்பளி ஃபெல்ட் தொப்பியை இப்படியா மழையில நனைய விடுவாங்க? உங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்காம்மா?" தொப்பிக்காரர் எரிந்து விழுந்தார்.

"அவருக்கு மறதி ஜாஸ்திங்க ஐயா. கோச்சுக்காதீங்க" என்றாள் அவள்.

முணுமுணுத்துக்கொண்டே தொப்பியை ஆவியில் காட்டி, மர அச்சில் மாட்டி, விளிம்பைக் கட்டைவிரலால் நீவினார். அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரஷ்ஷால் தேய்த்தபோது ஃபெல்ட் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து வந்தது.

"எத்தனை தடவை நனைஞ்சு எத்தனை தடவை ஆவி வாங்கிச்சோ! இனி தாங்காது. வேற வாங்கச் சொல்லுங்க."

"சரிங்க ஐயா."

தொப்பியோடு வாசலில் இறங்கியவள், பக்கத்துச் சந்தில் சுற்றிப் பின்கதவு வழியாக அதே வீட்டின் சமையலறைக்குள் நுழைந்தாள்.

அவள் யாரென்பது கணவருக்கு மறந்துபோய் ஒரு வருடமாகிறது. கைகள் மட்டும் தொழிலை மறக்கவில்லை. வேலை இல்லாவிட்டால் குழந்தை மாதிரி அழுவார். அதனால்தான் தினமும் அவருடைய பழைய தொப்பி ஒன்றை வாளியில் முக்கி, மிதித்து எடுத்துக்கொண்டு வாடிக்கையாளராகப் போய் நிற்கிறாள். அவற்றில் கடைசியும் இன்று போய்விட்டது.

அலமாரியிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினாள். கல்யாணத்துக்கு முன் அவளுக்கென்றே அவர் செய்துகொடுத்த நீலத் தொப்பி. முப்பது வருடமாக ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை.

"யாராவது இருக்கீங்களா? எனக்கு வேலை எதுவும் இல்லையா?" முன்னறையில் குரல் உடைந்தது.

"இதோ வந்துட்டேங்க ஐயா" என்றபடி அவள் குழாயைத் திறந்தாள்.