படுக்கச் சொல்லிக்கொடுத்தவர்

ஒரு செங்கல் சூளையில் முப்பது கழுதைகள் கல் சுமந்தன. முதுகில் சவுக்குத் தழும்பு விழுந்த வெள்ளையப்பன் என்ற கழுதைதான் அவற்றின் சங்கத் தலைவர்.

"நாற்பது கல்லுக்கு மேலே ஏத்தினா, எல்லாரும் ஒரே நேரத்துல படுத்துடுங்க தோழர்களே. ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது" என்றார் அவர். அப்படியே படுத்தன. மூன்றாம் நாள் முதலாளி இறங்கிவந்தார்.

அந்தப் பேரோடு வெள்ளையப்பன் தேர்தலில் நின்றார், ஜெயித்தார், தொழிலாளர் துறை மந்திரியும் ஆனார்.

பத்து வருஷம் கழித்து முதலாளி அறுபது கல் ஏற்றினார். கழுதைகள் மறுபடி படுத்தன. மந்திரியே நேரில் வந்தார்.

"நம்ம ஆளு வந்துட்டாரு, இனிமே கவலையில்ல" என்றாள் முன்னால் கிடந்த அஞ்சலை.

மந்திரி அவளைத் தாண்டிப் போய் முதலாளியிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். கழுதைக் காதுக்கு அது கேட்காமல் இருக்குமா?

"எல்லாரையும் ஒரே இடத்துல நிறுத்தி ஏன் ஏத்துறீங்க? தனித்தனிக் கொட்டகையில ஒவ்வொருத்தரா ஏத்துங்க. பக்கத்துல ஆள் படுக்கலேன்னா இவங்க படுக்க மாட்டாங்க. அன்னிக்கு நீங்க அதைச் செஞ்சுடுவீங்களோன்னுதான் மூணு நாளும் நான் பயந்துகிட்டுக் கிடந்தேன்."

அந்த மூன்று நாளும் அவருக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவள் அஞ்சலைதான்.