ஏழாவது வளைவில் சிக்னல்

“பக்கத்து வீட்ல போர் போடறாங்க சார். அதான் இந்தச் சத்தம்,” என்றாள் ஷிம்னா.

சொல்லி வாய் மூடுவதற்குள் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். பஸ்ஸுக்குள் யாரோ கிண்டலாகக் கைதட்டினார்கள். அவள் அவசரமாக மியூட்டை அழுத்தினாள்.

வயநாட்டிலிருந்து கீழே இறங்கும் மலைப்பாதையில், ஏழாவது வளைவில் பஸ் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. கீழே ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. நாளை திருவோணம். பெங்களூரிலிருந்து ஊர் திரும்பும் வண்டிகள் பஸ்ஸுக்குப் பின்னால் மேல் வளைவுகள்வரை நின்றன.

“போர் நின்னுடுச்சா?” மேனேஜர் சசீந்திரன் சாரின் குரல் காதுக்குள் கேட்டது. “இங்க ஆபீஸ்ல ஊசி விழுந்தாக்கூட கேக்கும். நீங்கல்லாம் எங்க உக்காந்து வேலை பாக்கறீங்களோ!”

போன மாதம் ஒருவனுக்கு வேலை போனது ஒரு சேவலால். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஆனால் பெங்களூரைத் தாண்டக் கூடாது, அதுதான் கம்பெனி விதி. அவன் பேசும்போது பின்னால் சேவல் கூவியது. “பெங்களூர்ல எத்தனாவது மாடியில கோழி வளக்கற?” என்று மட்டும் சார் கேட்டார். மறுநாள் அவன் இல்லை.

ஷிம்னாவின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. லீவு கேட்டபோது, “எனக்கும்தான் ஓணம். நான் போறேனா?” என்றார் சார். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவள் மகளைப் பார்க்கவில்லை. மலையடிவாரத்தில் அம்மாவிடம் வளரும் குழந்தை, இப்போது போனில் அவளை அக்கா முறையில் ‘சேச்சி’ என்று கூப்பிடுகிறது.

அதனால்தான் இந்த நெட் டாங்கிளை வாங்கினாள். மாத பில் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. தேவைப்படும்போது காசு போட்டால் போதும். இந்தப் பாதையில் எந்த சிம் எடுக்கும் என்பது அடிவாரத்துக்காரிக்குத் தெரியும். டாங்கிளைக் குடை நுனியில் கட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தாள்.

பக்கத்து இருக்கைப் பாத்தும்மாத்தா எட்டிப் பார்த்தார். “என்ன மோளே, தூண்டில் போடறியா?”

“நெட்டு இத்தா.”

“இங்க ஒருத்தர் போன்லயும் ஒரு புள்ளி சிக்னல் இல்ல. கொஞ்சம் எனக்கும் குடேன், மருமகனுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கறேன்.”

“கோவிச்சுக்காதீங்க இத்தா. டேட்டா தீரப் போகுது. இது கட்டாச்சுன்னா என் வேலையே போயிடும்.”

“பஸ்ஸு பள்ளத்துல உருண்டாக்கூட மீட்டிங்க முடிச்சிட்டுத்தான் கத்துவே போல.”

ஷிம்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கூட வேலை பார்க்கும் லிஜோ தன் கணக்கை வாசித்துக்கொண்டிருந்தான். அடுத்தது அவள் முறை. யாரையும் கேமரா போட சார் விடமாட்டார், லைன் கனக்கும் என்பார். அவர் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. இப்போது அதுவும் நல்லதாகப் போயிற்று.

கீழேயிருந்து ஒரு ஆம்புலன்ஸ் லாரியின் ஓரமாகப் புகுந்து அலறிக்கொண்டு ஏறி வந்தது. அவள் மியூட் பட்டனைப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது. இருந்தும் மைக்கையும் கையால் பொத்திக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் பஸ்ஸைத் தாண்டி மேலே போனது. வெளியே சத்தம் தேய்ந்தது. காதுக்குள் மட்டும் சைரன் கூடிக்கொண்டே வந்தது.

மீட்டிங்கில் எல்லோருக்கும் அது கேட்டது. லிஜோ வாசிப்பதை நிறுத்தினான். ஷிம்னா பட்டனையே பார்த்தாள். பட்டன் வேலை செய்யவில்லை, பிடிபட்டாயிற்று.

“யாரு லைன்ல அது?” என்றான் லிஜோ.

சார், “பெங்களூர்ல ஆம்புலன்ஸ் ஓடாதா? விடு. மேல படி,” என்றார்.

ஷிம்னா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அப்படி விட்டுக்கொடுத்து அவள் கேட்டதே இல்லை.

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. பஸ்ஸும் ஓரடி உருண்டு நின்றது. அவள் குடையை இன்னும் வெளியே நீட்டிப் புள்ளியைக் காப்பாற்றிக்கொண்டாள்.

“அடுத்து ஷிம்னா,” என்றார் சார். “உன்னோட ரிப்போர்ட்ட...”

குரல் நொறுங்கியது. பிறகு ஒன்றுமில்லை.

“சார்? சார், கேக்குதா?” லிஜோ கூப்பிட்டுப் பார்த்தான். “லைன் போயிடுச்சு. யாரும் வெளிய போயிடாதீங்கப்பா. வந்ததும் ஆள் எண்ணுவார்.”

டேட்டா தீரப்போகிறது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. காத்திருந்தால் கட்டாகும், வெளியே போனால் ஆள் இல்லை என்று ஆகும். மலைக்கு நடுவில் காசு போட எங்கே போவது? “வாங்க சார், சீக்கிரம் வாங்க,” என்று முணுமுணுத்தாள். அந்த மனிதருக்காக அவள் வேண்டிக்கொண்டது அதுவே முதல் தடவை.

மேல் வளைவிலிருந்து ஒருவர் வண்டி வண்டியாகக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தார். மேலே இஸ்திரி கலையாத சட்டை, கீழே மடித்துக் கட்டிய வேட்டி. திறந்த லேப்டாப்பைத் தாம்பாளம்போல் ஏந்தியிருந்தார்.

“இங்க வாங்க,” என்று பாத்தும்மாத்தா ஜன்னல் வழியே கைகாட்டினார். “இந்த மலைக்கே இவ ஒருத்திகிட்டதான் நெட்டு இருக்கு. ஆனா தரமாட்டா.”

அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. ஷிம்னா முடியாது என்று தலையசைத்தாள்.

“மோளே, அப்படிச் சொல்லாத,” என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் விரல் தானாக மியூட் பட்டனைத் தேடியது.

“அஞ்சே நிமிஷம் குடும்மா. ஆபீஸ்ல இருக்கேன்னு சொல்லித்தான் மீட்டிங் நடத்திட்டிருந்தேன்.”