இது அவர் வாரம்

போதகர் அறைக்கு வெளியே, காத்திருப்பவர்களுக்கான நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "பாஸ்டரைப் பார்க்கணும், இம்கே" என்று சபை எழுத்தரான என்னிடம் சொன்னார் வீப்கே.

வீப்கேயும் போதகர்தான். அந்த அறையில் பாதி அவருடையது. உள்ளே இருந்த ஒக்கோ அவருடைய கணவர்.

எங்கள் சபையில் ஒரே போதகர் வேலையை இருவரும் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வாரம் அவர், ஒரு வாரம் இவர். ஒரு சம்பளம், ஒரு வீடு, ஒரு சைக்கிள். தன் வாரம் இல்லாதவர் சபைக் காரியத்தில் தலையிடக் கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட விதி. போன வருடம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு விதவை வீப்கேயின் தோளில் சாய்ந்து அழுதபோது, "இது ஒக்கோவோட வாரம்" என்று மெல்லச் சொல்லி, அந்த அம்மாளைப் பக்கத்துத் தோளுக்கு நகர்த்திவிட்டார். ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. ஒழுங்கு என்றால் எங்களுக்கு உயிர்.

"வீட்ல பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"வீட்ல ஏது பாஸ்டர்? அங்க இருக்கிறது என் வீட்டுக்காரர். அவர் காது கொடுத்துக் கேட்டு எத்தனையோ மாசமாச்சு. பாஸ்டர்னா குறுக்க பேசாம அரை மணி நேரம் கேட்பாராமே, ஊரே சொல்லுது."

உள்ளே போய்ச் சொன்னேன். ஒக்கோ கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். "வரச் சொல்லுங்க."

அந்த அறைக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும், சரியாகச் சாத்தாது. எங்கள் ஊரில் மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆகவே எல்லாம் காதில் விழுந்தது, இடுக்கு வழியே கொஞ்சம் கண்ணிலும் பட்டது.

முதலில், சூடான தேநீர் பட்டுக் கற்கண்டு வெடிக்கும் சத்தம். எங்கள் ஊர் வழக்கப்படி யார் வந்தாலும் தேநீர் உண்டு. வந்தவர் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கிறவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நிறுத்தினால், எழுந்து போ என்று சொன்ன மாதிரி.

"சொல்லுங்க" என்றார் ஒக்கோ, துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

"என் வீட்டுக்காரர் ஷூவைக் கழற்றி வாசல்ல குறுக்க போட்டுட்டுப் போறார், பாஸ்டர். தினமும் தடுக்கி விழறேன். அதைச் சொல்ல வரல. பிரேமன் நகரத்துல ஒரு ஆஸ்பத்திரியில போதகர் வேலை தர்றாங்க. பாதி இல்ல, முழுசு. நாளைக்குள்ள பதில் சொல்லணும். போகாதேன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா நான் போகமாட்டேன். சாப்பிடும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துட்டேன். உப்பை இப்படித் தள்ளுங்கிறார்."

மௌனம். ஒக்கோவின் மௌனம் சுற்று வட்டாரத்தில் பேர்போனது. பயிற்சி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தது.

"அது உங்க மனசுக்குள்ள என்ன பண்ணுது?" என்று கேட்டார். கண் துடைக்கும் காகிதப் பெட்டியை வீப்கே பக்கம் நகர்த்தினார். இரண்டாவது கோப்பை ஊற்றினார். கணவரின் பக்கமும் ஒன்று இருக்கும், அவரும் களைத்துப் போயிருக்கலாம் என்றார்.

"அவரைக் கூட்டிட்டு வர முடியுமா?"

"முயற்சி பண்றேன், பாஸ்டர்."

மேசை இழுப்பறை திறந்தது. தம்பதிகளுக்கான வார இறுதி வகுப்பு பற்றிய தாள். அதை அச்சடித்து மடித்தவள் நான். முகப்பில், வகுப்பு நடத்துகிற இருவரும் தோளில் கை போட்டுச் சிரிக்கிற படம். படத்தில் இருந்த இருவரில் ஒருவர் நீட்ட, மற்றவர் வாங்கிக்கொண்டார்.

"இல்லேன்னா எங்க இன்னொரு பாஸ்டர்கிட்ட பேசிப் பாருங்க. பெண்களுக்கு அவங்ககிட்ட மனசு விட்டுப் பேச வரும். அடுத்த வாரம் அவங்க முறை."

நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.

"ரொம்ப நன்றி, பாஸ்டர்."

வீப்கே என்னைப் பார்க்காமல் வெளியே போனார். மழையில் முற்றத்தைக் கடந்து எதிரே இருந்த தங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்.

கோப்பைகளை எடுக்க உள்ளே போனேன்.

"என்னை ஒண்ணும் கேட்காதீங்க, இம்கே. இங்க சொன்னது இங்கேயே இருக்கணும். ராத்திரி சாப்பாட்டுல கூட நான் அந்தப் பேச்சை எடுக்க முடியாது."

"யாருக்குத் தெரியக் கூடாதாம்?"

"என் பொண்டாட்டிக்கு" என்றார் ஒக்கோ. சொன்னதைத் தானே இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்பவர்போல் அப்படியே நின்றார்.

"கரண்டி வெளியதான் இருக்கு, பாஸ்டர்."

அவர் பார்த்தார். கரண்டி தட்டில்தான் கிடந்தது. கோப்பை காலி.

கம்பளி உறை போட்டிருந்த தேநீர்க் குடுவையை அப்படியே தூக்கிக்கொண்டு, மழைக்கோட்டு இல்லாமல் வெளியே நடந்தார். இடுப்பில் சாவி தொங்க, தன் வீட்டு மணியை அழுத்தினார். வீடு சந்திக்கப் போகிற போதகர் துடைப்பதுபோல் கால்மிதியில் ஷூவை நெடுநேரம் துடைத்தார்.

வீப்கே கதவைத் திறந்தார். முற்றம் சின்னது, நன்றாகவே கேட்டது.

"வாங்க, பாஸ்டர். என் வீட்டுக்காரர் வீட்ல இல்லை."

ஒக்கோ பேசவில்லை. இது வகுப்பில் கற்றுக்கொண்ட மௌனம் இல்லை.

பிறகு, குடுவையைக் கீழே வைக்காமலே, ஒரு ஷூவை மற்றதால் நெம்பிக் கழற்றினார். அடுத்ததையும். இரண்டும் வாசலில் குறுக்கே கிடந்தன. மெதுவாக ஏதோ சொன்னார், சின்ன வார்த்தைதான். மழையில் கேட்கவில்லை.

உள்ளே போனார்கள். அந்த வீட்டுக் கதவு மழையிலும் நன்றாகச் சாத்தும்.

தொலைபேசி அடித்தது. ஒரு கல்யாண விஷயமாகப் போதகரிடம் பேச வேண்டுமாம். யாருடைய வாரமாக இருந்தாலும் சரியாம்.

"இப்ப பாஸ்டர் யாரும் இல்லைங்களே."

"ரெண்டு பேருமா? வெளியூர் போயிட்டாங்களா?"

"இல்லைங்க" என்றேன். "வீட்ல இருக்காங்க."