ஒண்டிக்கட்டை

ஒண்டிக்கட்டைகள் மட்டும்தான் இனி தீயணைப்பு நிலைய அலுவலராக இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. செத்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு நஷ்டஈடு கொடுத்து மாளவில்லையாம். சம்பளம் மட்டும் இரட்டிப்பு.

நிலைய அலுவலர் தணிகைவேலின் மனைவி சுகந்தி விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அவன் மாற்றலாகிப் போன ஊரில், அவனுக்கு எதிர்வீட்டிலேயே மகள் பூவிழியோடு குடியேறினாள். கதவைச் சாத்தினால் அப்பா, திறந்தால் எதிர்வீட்டு அங்கிள். ஒருமுறை தெருவில் வைத்து "அப்பா" என்று கூப்பிட்டதற்கு சுகந்தி விட்ட அறையோடு சரி, பூவிழி அப்புறம் பிசகியதே இல்லை.

ரசாயனக் கிடங்கு பற்றியெரிந்த அன்று, தன் ஆட்களை எல்லாம் வெளியே அனுப்பிய தணிகைவேல் வெளியே வரவில்லை.

மின்மயானத்தில் துறை அதிகாரி சடங்குக்குக் கேட்டார். "சொந்தம்னு யாராச்சும் இருக்கீங்களா? இல்லைன்னா டிபார்ட்மெண்டே கொள்ளி வச்சிடும்."

சொன்னால் இத்தனை வருஷச் சம்பளத்தையும் திருப்பிக் கேட்பார்கள், குடியிருக்கும் வீடும் போய்விடும். போனால் போகட்டும் என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சுகந்தி முன்னால் வந்தாள். பேச வாயெடுத்தவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

அதிகாரி குனிந்தார். "பாப்பா, இவரு உனக்கு யாரும்மா?"

"எதிர்வீட்டு அங்கிள்."

சுகந்தி தலையை ஆட்டி மறுப்பதற்குள் அவர் பொத்தானை அழுத்திவிட்டார். இரும்புக்கதவு இறங்கியது.

பூவிழி அம்மாவின் முந்தானையை இழுத்தாள்.

"சரியா சொன்னேனாம்மா?"