காவலை மீறிய நாய்

"இந்தக் காலத்து ஆளுங்களுக்கு வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடியே மூச்சு வாங்குது. நாங்கல்லாம் முடிச்சிட்டுத்தான் களைப்போம்!"

காதில் விழும்படியே சொன்னார் ஆஸ்பத்திரிக் காவலாளி. குழந்தைகள் வார்டின் வெள்ளைச் சுவர் முன்னால் நின்றிருந்த ஓவியக்காரப் பெண் திரும்பி முறைத்தாள்.

"என்ன முறைக்கற? ஒரு வாரமா நீ சுவத்தைப் பார்க்கற, சுவர் உன்னைப் பார்க்குது. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?"

"முதல் கோடு தப்பாப் போச்சுன்னா எல்லாம் போச்சு தாத்தா. உங்களுக்குப் புரியாது."

"நல்லாப் புரியுது. பெயிண்ட் தெறிக்கும்னு என் நாற்காலியைத் தூக்கி வெளியே போட்ட. தெறிக்கணும்னா முதல்ல டப்பாவைத் திறக்கணும். நிக்கிறது என் கால்!"

அப்போது மேனேஜர் வந்தார். சுவரைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"சாயங்காலத்துக்குள்ள சுவத்துல ஏதாவது தெரியணும்மா. இல்லைன்னா ஸ்டிக்கர் ஒட்டற ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. கரித்துண்டை எடுத்தாள், கையை உயர்த்தினாள், இறக்கினாள். "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

"போ, போ. அங்கயாவது எதையாவது தொடங்கு!"

திரும்பி வந்தவள் வாசலிலேயே அலறினாள். சுவரின் நட்டநடுவில், மாட்டு அளவுக்கு, கரியால் ஒரு நாய்!

"யார் கிறுக்கினது? காவலுக்கு நின்னு என்ன கிழிச்சீங்க?"

"வாயை அடக்கிப் பேசு. வர்றவன் போறவன் ஆயிரம் பேர். நான் கதவைக் காப்பேனா, உன் சுவத்தைக் காப்பேனா?"

துணியால் துடைத்தாள். கரி இன்னும் அப்பியது.

"கண்றாவி! இது நாயா? உருளைக்கிழங்குக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு!"

"காலு நாலு, வாலு ஒண்ணு. நாய்க்கு வேற என்ன வேணும்? உன் சுவத்துல இத்தனை நாளா அதுகூட இல்லையே!"

அவளுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. டப்பாவை உடைக்காத குறையாகத் திறந்தாள். "காலைப் பாரு, முருங்கைக்காய்!" என்று ஒரு காலைத் திருத்தினாள். கால் சரியானதும் முதுகு கோணலாகத் தெரிந்தது. முதுகை நிமிர்த்தினால் நாய் அந்தரத்தில் நின்றது. கீழே புல் போட்டாள். புல்லுக்கு ஒரு குளம், குளத்துக்கு வாத்து, வாத்தைத் துரத்த ஒரு வாண்டு. திட்டிக்கொண்டே வரைந்தாள். சாப்பிடக்கூடப் போகவில்லை.

சாயங்காலம் சுவர் நிறைந்திருந்தது. கையில் கட்டோடு வந்த ஒரு குழந்தை நாயைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தது.

"அடேங்கப்பா!" என்றார் மேனேஜர். "திடீர்னு எப்படிம்மா வேகம் வந்துச்சு?"

"எவனோ ஒரு மடையன் கிறுக்கி வெச்சான் சார். அந்தக் கோபம்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள். காவலாளி சிரிக்கவில்லை. சுவரை மேலும் கீழும் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், விறுவிறுவென்று குழாயடிக்கு நடந்தார்.

"நல்லா இருந்த நாயைக் கெடுத்துட்டு, என்னையே மடையன்கறா!" என்று முணுமுணுத்தபடி, நகக்கண்ணில் இருந்த கரியைத் தேய்த்துக் கழுவிவிட்டு வாசலைப் பார்க்கப் போனார்.