காணாமல் போன கலைப்பிரியா

"நம்ம கல்யாண போட்டோவுல நான் எங்கங்க போனேன்?"

கலைப்பிரியா நீட்டிய போனைக் கோகுலகிருஷ்ணன் எட்டிப் பார்த்தான். மாப்பிள்ளைக் கோலத்தில் அவன் மட்டும் அசடு வழிய நின்றான். அடுத்த படத்திலும் அவன்தான். அதற்கடுத்ததில் அவனும் சமையல்காரரும்.

"என்னா கலை இது? அப்ப நான் யாருக்குத்தான் தாலி கட்டுனேன்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். தாலி கட்டுறதக் காணோம். மாலை மாத்துறதக் காணோம். நீங்க பந்தியில உக்காந்துகினு அப்பளம் கடிக்கிறது மட்டும் பத்திரமா இருக்குது!"

"நெட்டுல ஏதாவது கோளாறா இருக்கும்."

"நெட்டுக்கு என்மேல மட்டும் என்னங்க கோவம்?"

கல்யாணம் முடிந்த கையோடு படங்களை எல்லாம் கிளவுடில் ஏற்றியவன் அவன்தான். ஒரே கணக்கு, மூன்று போன்களில் திறக்கும். விழுப்புரத்தில் இவர்கள் இருவரிடமும் ஒவ்வொன்று. பெருமுக்கல்லில் அவன் அம்மா பாஞ்சாலியிடம் ஒன்று.

மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், கலைப்பிரியா ஒரு சின்ன டூலை இறக்கினாள். கிளவுடின் குப்பைத்தொட்டியில் என்னென்ன கிடக்கின்றன, எந்தப் போனிலிருந்து அழித்தவை என்று அது வரிசையாகக் காட்டும். ஓட்டிப் பார்த்தாள்.

தாலி, மாலை, மெட்டி, மறுவீடு. அவள் இருந்த படங்கள் அத்தனையும் குப்பையில் கிடந்தன. எல்லாம் ஒரே போனிலிருந்து போயிருந்தன. மாமியாருடைய போன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால், "மரக்காணத்துப் பொண்ணு கடலப் பாத்து வளந்தது. அதுக்குக் கொல்லையில எறங்கிக் களை வெட்டத் தெரியுமாடா?" என்று மகனிடம் கேட்டவள்தான் பாஞ்சாலி. ஆனால், வாராவாரம் பஸ்ஸில் கேப்பை மாவு கொடுத்தனுப்புகிறவளும் அவள்தானே? 'சாப்ட்டியாம்மா?' என்று போன் போடுகிறவளும் அவள்தானே? மாவும் கொடுத்து, மருமகளைக் குப்பையிலும் போடுவார்களா?

ஞாயிற்றுக்கிழமை மாமியாரைப் பார்க்க இருவரும் திண்டிவனம் பஸ்ஸில் போகும்போதே கோகுலிடம் சொல்லிவிட்டாள்.

"புடிக்கலன்னா உங்க அம்மா நேரா சொல்லட்டுங்க. பொங்கலுக்கு நான் எங்க வூட்டுக்கே போயிக்கறேன். அப்புறம் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"எங்க அம்மாவுக்குப் போனை அமுக்கவே சரியா தெரியாது கலை..."

"என்னை மட்டும் பாத்துப் பாத்து அமுக்கத் தெரியுதா?"

கோகுல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டு வாசலில் பாஞ்சாலி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். மார்கழிப் பட்டத்து விதைப்புக்கு மல்லாட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். உருண்டு திரண்ட நிலக்கடலைப் பருப்பாகப் பார்த்து, பக்கத்திலிருந்த டின்னில் போட்டு உடனுக்குடன் மூடினாள். சுருங்கலும் சொத்தையும் முறத்திலேயே கிடந்தன.

"வாம்மா கலை! என்னா மூஞ்சி வாடிக் கெடக்குது? இவன் ஏதாவது பேஜாரு பண்றானா?"

கலைப்பிரியா பையை இறக்கி வைத்தாள். நேராகவே கேட்டுவிட்டாள்.

"அத்தை, கல்யாண போட்டோவுல என்னை மட்டும் எடுத்துப் போட்டது நீங்களா?"

"ஆமா, நான்தான்."

ஒளிவு இல்லை, மறைவு இல்லை. கோகுலுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா இப்படிப் பண்ண?"

"ஏன்டா கத்தற? தெனமும் கொல்லைக்குப் போய்ட்டு வந்து, ஒண்ணொண்ணா பாத்துப் பாத்துப் போட்டேன். கண்ணுதான் வலிச்சிடுச்சு."

கலைப்பிரியாவின் கண் நிரம்பியது. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நான் கிளம்பறேங்க."

"எங்க கெளம்பற? இரு, நீயும் பாத்துட்டுப் போ." பாஞ்சாலி மடியிலிருந்து போனை எடுத்தாள். ஒரு படத்தைத் திறந்து, கீழே இருந்த குப்பைத்தொட்டிப் படத்தைக் காட்டினாள்.

"இங்க மூடி போட்ட டின்னு ஒண்ணு வச்சிருக்கான் பாரு. இத அமுக்குனா போட்டோ உள்ள போயி மூடிக்குது. நீ மகாலட்சுமியாட்டம் நிக்கற போட்டோவ எல்லாம், யாரு கண்ணும் படாம வெதை மாதிரி பொறுக்கி உள்ள போட்டு வச்சிருக்கேன்!"

கலைப்பிரியாவின் தோளிலிருந்து பை நழுவியது.

"அப்ப நான்?" என்றான் கோகுல்.

பாஞ்சாலி முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"சொத்தைய எவளாவது டின்னுல போடுவாளா? போடா!"