மடியில் கிடந்த கை

கிலுகிலுப்பையைக் குழந்தை இடது கையால் வாங்கிக்கொண்டது.

சாவிக்கொத்தையும் இடது கையால்தான். கம்பவுண்டர் நேசையா எதிர்க்கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்த சிவப்புப் பலூனையும் அப்படியே.

வலது கை, அம்மாவின் மடியில் யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரிக் கிடந்தது.

டாக்டர் நடராஜ் முகத்தில் எதையும் காட்டவில்லை. கைக்கு மட்டுமே வைத்தியம் பார்க்கிற டாக்டர் அவர். மெட்ராஸில் படித்துவிட்டு வண்ணார்பேட்டையில் போர்டு மாட்டிய புதிதில், கைக்கென்று தனியாக ஒரு டாக்டரா என்று தெருவே சிரித்தது. முதல் வாரம் வந்த ஓர் அண்ணாச்சி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டி, புதுக்கடையை ஆவணியில் திறக்கலாமா, தையில் திறக்கலாமா என்று கேட்டார்.

சிரித்தவர்களே பிறகு வந்தார்கள். கதிரடிக்கும் மெஷினில் சிக்கிய விரல், கண்ணாடி கிழித்த மணிக்கட்டு, பீடி சுற்றிச் சுற்றி மரத்துப்போன கை. ஒட்டினார், தைத்தார், அசைய வைத்தார்.

இந்தக் கை வேறு.

ஆழ்வார்திருநகரியிலிருந்து அன்னத்தாய் இவளை முதன்முதலாகத் தூக்கிவந்தபோது குழந்தைக்கு மூன்று மாதம். பிரசவத்தில் தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. இழுக்காமல் விட்டிருந்தால் உயிர் போயிருக்கும். இழுத்ததில், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அறுந்துபோயின.

பிரசவம் பார்த்த டாக்டர்மேல் தப்பில்லை என்று நடராஜ் அன்றைக்கே சொன்னார். அன்னத்தாய் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த டாக்டர் அதன்பிறகு பிரசவ அறைப் பக்கமே போவதில்லை என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

குழந்தையின் காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய நூலால் கழுத்து நரம்புகளை இணைத்துத் தைத்தார். அப்படியோர் ஆபரேஷனை அவர் தனியாகச் செய்தது அதுதான் முதல் தடவை. அதையும் அவளிடம் சொல்லவில்லை.

"நரம்பு பையத்தான் வளரும் தாயி. பொறுத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

அன்னத்தாய் பொறுத்தாள். மாதம் தவறாமல் பஸ் ஏறி வந்தாள். குழந்தைக்குப் பல் முளைத்தது. ஒரு கையை ஊன்றித் தவழ முடியாமல், தவழாமலே எழுந்து நடந்தது. போன மாதம் வலது முழங்கை லேசாகத் துடித்த மாதிரி இருந்தது. துடித்ததா, தனக்கு அப்படித் தோன்றியதா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

இப்போது அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பலூனைப் பிடுங்கி நேசையாவிடம் கொடுத்தார். குழந்தையின் இடது கையைத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

குழந்தை கையை உருவப் பார்த்தது. வரவில்லை. உதடு பிதுங்கியது. டாக்டரின் முகத்தை முறைத்தது.

வலது கை மடியிலிருந்து எழுந்தது.

பாதியில் நடுங்கி நின்றது. மறுபடி எழுந்தது. தோளுக்கு மேலே போய், டாக்டரின் மூக்குக்கண்ணாடியை எட்டிப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தது.

"கர்த்தாவே!" என்று நேசையா போட்ட சத்தத்தில் பலூன் கைநழுவி உத்தரத்துக்குத் துள்ளியது. வராந்தாவில் கட்டுப்போட்ட கைகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வாசலில் வந்து நெருக்கினார்கள். ஒருவர் கைதட்டப் போய், தன் மாவுக்கட்டு ஞாபகம் வந்து, தொடையில் தட்டினார்.

அன்னத்தாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஏட்டி, டாக்டர் கண்ணாடிய ஒடச்சிராத!"

"உடைக்கட்டும், விடும்மா" என்றார் நடராஜ். கண்ணாடி இல்லாததால் எதிரே இருந்ததெல்லாம் கலங்கித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "இத்தனை நாள் சீட்டுலகூட அன்னத்தாய் பிள்ளைன்னே எழுதி, பாப்பா, பாப்பான்னே கூப்பிட்டுட்டேன். பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்க?"

"விஜயஸ்ரீ, சார். பிரசவம் பாத்த டாக்டரம்மா பேரு. மூச்சில்லாமப் பொறந்தவள வாயோட வாய் வச்சு ஊதி எழுப்பித் தந்தாவ. அவிய இல்லன்னா எனக்குப் பிள்ளையே இல்ல. கை வந்ததும் கொண்டுபோய்க் காட்டணும்னு இருக்கேன். ஆனா வேலைய விட்டுட்டுப் போயிட்டாவளாம். எங்க இருக்காவன்னு யாருக்கும் தெரியல."



நடராஜ் டெலிபோனைப் பக்கத்தில் இழுத்து, வீட்டு நம்பரைச் சுழற்றினார்.

"விஜி, உடனே ஒரு ஆட்டோ பிடிச்சு இங்கன வா. உன் பேரை வச்சுக்கிட்டு ஒருத்தி என் கண்ணாடியைப் பிடுங்கிட்டுத் தர மாட்டேங்கா. நீயே வந்து கேளு."